தட்டைப் பெட்டியில் வரும் சமையலறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பலகைகளாகவும் திருகுகளாகவும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கித் தரப்பட்டு, வீட்டுக்காரரே பிரித்துப் பூட்டி நிறுத்திக்கொள்ளும் சமையலறை அலமாரிகளைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரே ஐயம் பலருக்கும் இருந்ததால், ஒத்தவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நான் தொழில்முறைத் தச்சன் அல்லன். மூன்று சமையலறைகளை என் கையாலேயே பூட்டியிருக்கிறேன். முதலாவதில் செய்த பிழைகளிலிருந்து கற்றவைதான் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல்.

கேள்வி: கடையில் பார்க்கும்போது எல்லா அலமாரிகளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, விலை மட்டும் இரண்டு மடங்கு வரை வேறுபடுகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பார்ட்டிகிள் போர்டு என்றாலே மட்டமானது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: கதவைக் கடைசியாகப் பாருங்கள். கடையில் நம் கண்ணில் முதலில் படும்படி வைத்திருப்பது கதவைத்தான். ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பிடிக்காமல் போனாலும் கதவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம், பெட்டியை, அதாவது கதவு மாட்டப்படும் அலமாரியின் உடலை, அப்படி மாற்ற முடியாது. எனவே கதவைத் திறந்துவிட்டு, பக்கப் பலகையின் தடிமன், பின்பலகையின் தடிமன், விளிம்புகள் ஒட்டப்பட்டுள்ள விதம், கீலும் இழுப்பறைச் சேனலும் (இழுப்பறை ஓடும் உலோகத் தண்டவாளம்) ஆகியவற்றைக் கவனியுங்கள். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும்.

பக்கப் பலகைகள் பொதுவாக 16 அல்லது 18 மி.மீ. தடிமனில் வருகின்றன. இரண்டு மி.மீ.தானே என்று தோன்றலாம். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால், 18 மி.மீ. பலகை அதே சரக்கில் செய்த 16 மி.மீ. பலகையைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு விறைப்பானது. பின்பலகையைப் பலர் பார்ப்பதே இல்லை. பெட்டி சாயாமல் செங்கோணத்தில் நிற்பதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது அந்தப் பின்பலகைதான், 3 மி.மீ. அட்டையை ஆணியடித்து நிறுத்தியிருந்தால் அது மலிவான பெட்டி, 6 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பலகையைக் காடி வெட்டிச் செருகியிருந்தால் அது நம்பத்தக்க பெட்டி என்பது என் கணக்கு.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்துகளைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்த பலகை. அதன் இரு முகங்களிலும் மெலமைன் பிசினில் ஊறிய தாளை அழுத்தி ஒட்டியிருப்பார்கள். அதை மட்டமானது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக நிற்பதில் அது பல மலிவான பிளைவுட்களை மிஞ்சும். அதன் பலவீனங்கள் இரண்டு: வெட்டிய விளிம்பில் தண்ணீர் பட்டால் உப்பிவிடும், உப்பியது திரும்ப வற்றிச் சீராவதில்லை, மேலும் விளிம்பில் இறக்கிய திருகை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் துளை பொடிந்து பிடிப்பு போய்விடும். எம்.டி.எஃப். என்பதும் அழுத்திச் செய்த மரப்பலகைதான், ஆனால் இன்னும் நுண்ணிய இழையால் ஆனது, கனமானது. பூச்சு அடித்த கதவுகளுக்கும் முகத்தில் குடைந்து வேலைப்பாடு செய்த கதவுகளுக்கும் ஏற்றது. பிளைவுட் திருகை நன்றாகப் பிடிக்கும், ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் மலிவான பிளைவுட்டின் உள்ளடுக்குகளில் வெற்றிடங்கள் இருப்பதுண்டு, திருகு அந்த இடத்தில் இறங்கினால் எதையும் பற்றாது.

சமையலறை முழுவதும் ஒரே பலகையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் கீழ் வரும் பெட்டிக்கு மட்டும் பிளைவுட்டையோ ஈரம் தாங்கும் பலகையையோ கேளுங்கள். மற்றவற்றுக்குத் தரமான 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு போதும். ஈரம் தாங்கும் பலகையின் உட்புறம் பச்சையாக இருப்பதைக் கடைகளில் பெருமையோடு காட்டுவார்கள். அந்தப் பச்சை வெறும் அடையாளச் சாயம். ஈரத்தைத் தடுப்பது உள்ளே உள்ள பிசினின் வகைதானே தவிர நிறம் அல்ல. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து நம்பாமல், பொட்டலத்தின் விவரத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அதே தாளில், பலகையின் பிசினிலிருந்து கசியும் கண்ணைக் கரிக்கும் வாயுவான ஃபார்மால்டிஹைடின் வெளியீட்டு வகுப்பு இ1 அல்லது அதைவிடக் கடுமையானது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பியத் தரத்தின் இ1 வகுப்பில், சோதனை அறையின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராம் என்பதே மேல்வரம்பு. புதுப் பெட்டியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால் நான் அந்தப் பலகையை வீட்டுக்குள் வைக்க மாட்டேன்.

விளிம்பைச் சோதிக்க உங்கள் நகமே போதும். விளிம்புப் பட்டையும் பலகையும் சேரும் கோட்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள்; எங்காவது தட்டுப்பட்டால் ஈரம் நுழைவதற்கும் அதுவே வழி. தாள் பட்டை சமையலறைக்கு உதவாது. 1 அல்லது 2 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை (பி.வி.சி. அல்லது ஏ.பி.எஸ்.) அடியையும் உரசலையும் தாங்கும். பிறகு குனிந்து, பக்கப் பலகையின் அடி விளிம்பைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன் விளிம்பில் மட்டும் பட்டை ஒட்டிவிட்டு அடியை வெறுமையாக விட்டிருப்பது மிகப் பரவலான சிக்கனம்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: துளைகள் 32 மி.மீ. முறையில் போடப்பட்டவையா? பக்கப் பலகையில் 5 மி.மீ. விட்டமுள்ள துளைகள், ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளியில், முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி வரிசையாக இருக்கும். கதவில் கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. குழி இருக்கும். இந்த அளவுகளில் இருந்தால், வாங்கிய நிறுவனம் நாளை அந்த மாதிரியை நிறுத்திவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் கீலும் சேனலும் பெரும்பாலும் அங்கே பொருந்திவிடும்.

கேள்வி: எங்கள் சுவரின் நீளம் வரைபடத்தில் 2,440 மி.மீ. என்று உள்ளது. 600 மி.மீ. அலமாரிகள் நான்கு வைத்தால் 2,400 ஆகிறது, 40 மி.மீ. மிச்சம். அப்படியே வாங்கிவிடலாமா?

பதில்: வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள். தரையோரம், மேடை உயரம், மேல் அலமாரி வரும் உயரம் என்று மூன்று இடங்களில் அளந்து, கிடைப்பவற்றுள் மிகக் குறைந்ததையே உங்கள் சுவரின் நீளமாகக் கொள்ளுங்கள். பூச்சு வேலை மூலையில் தடித்துப் போயிருப்பது இயல்பு. நான் அளந்த ஒரு சுவர் தரையில் 2,440, மேடை உயரத்தில் 2,431, தலைக்கு மேலே 2,422 என்று மூன்று விதமாகச் சொன்னது. சுவர் ஓடு ஒட்டினால் அதுவும் ஒரு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கும். உங்கள் 40 மி.மீ. மிச்சம் அப்போது உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்.

மிச்சம் இருப்பது குறை அன்று, தேவை. சுவரை ஒட்டிய கதவு முழுதாகத் திறக்கவும், உள்ளே இருக்கும் இழுப்பறை கதவின் கைப்பிடியில் இடிக்காமல் வெளியே வரவும், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கதவின் நிறத்திலேயே ஒரு நிரப்புப் பட்டை வைக்க வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் இது இன்னும் முக்கியம். அங்கே பெட்டிகளை நெருக்கி வைத்துவிட்டால், ஒரு பக்கத்து இழுப்பறை மறுபக்கத்துக் கைப்பிடியில் போய் முட்டி நிற்கும், 50 மி.மீ. பட்டை ஒன்று விட்டிருந்தால் வந்திருக்காத தொல்லை இது. கைப்பிடி எவ்வளவு துருத்துகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பட்டையின் அகலத்தை முடிவு செய்யுங்கள். நிரப்புப் பட்டைகளையும், கால்களை மறைக்கும் அடிப்பட்டையையும் அலமாரியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், பிறகு தேடினால் அதே நிறம் கிடைப்பது அரிது.

கேள்வி: நானும் என் மாமியாரும் உயரத்தில் மிகவும் வேறுபட்டவர்கள். மேடையின் உயரத்தை எப்படித் தீர்மானிப்பது?

பதில்: நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள், தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் வருவது உங்களுக்கு ஏற்ற மேடை உயரம். இருவரில் அதிக நேரம் நின்று வேலை செய்பவரின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பல தயாரிப்புகளில் பெட்டி 720 மி.மீ., அதன் கீழே திருகி உயர்த்தும் கால்கள் 100 முதல் 150 மி.மீ., மேலே மேடைப் பலகை 30 அல்லது 40 மி.மீ. என்று வரும், ஆகவே கால்களை மட்டும் திருகியே ஏறத்தாழ ஐந்து செ.மீ. ஏற்றி இறக்க முடியும். கால்களை முழுவதும் வெளியே திருகிய நிலையில் உயரத்தை முடிவு செய்துவிடாதீர்கள். தரையின் பள்ளத்தைச் சரிசெய்யவும் அதே திருகுதான் வேண்டும்.

கேள்வி: கீழ் அலமாரிகளுக்குக் கதவு நல்லதா, இழுப்பறை நல்லதா?

பதில்: இடமும் பணமும் ஒத்துவந்தால் இழுப்பறை. கதவுள்ள அலமாரியின் பின்பாதியில் வைத்த பாத்திரத்தை எடுக்க மண்டியிட வேண்டும். இழுப்பறை அதைக் கைக்குக் கொண்டுவந்து தருகிறது. ஆனால் சேனல் முழுதாக வெளியே வரும் வகையாக இருக்க வேண்டும், முக்கால் தூரத்தில் நின்றுவிடும் உருளைச் சேனல் வேண்டாம். சேனல் தாங்கும் எடையைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். அடுக்கிய தட்டுகளும் கனத்த பாத்திரங்களும் நாம் நினைப்பதைவிட எடை மிக்கவை, எனவே அகலமான கீழ் இழுப்பறைக்கு அந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: விளக்கத் தாளில் சொன்னபடியே செய்தேன். கேம் பூட்டைத் திருகினால் சில இறுகவே இல்லை. ஒன்று பலகையைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த புகைப்படத்தைப் பார்த்ததும் எனக்கு என் முதல் அலமாரி நினைவுக்கு வந்தது, அதே இடம், அதே பிளவு. கேம் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இது திரும்ப நேராது. ஒரு பலகையின் முகத்தில் தலையுள்ள போல்ட் ஒன்று திருகப்படுகிறது. அடுத்த பலகையின் விளிம்புத் துளை வழியே அந்தத் தலை உள்ளே போய், அங்கே படுத்திருக்கும் வட்டமான கேமின் வாய்க்குள் நுழைகிறது. கேமைத் திருகும்போது அதன் உட்புற வளைவு அந்தத் தலையைக் கவ்விக்கொண்டு படிப்படியாகத் தன் பக்கம் இழுக்கிறது, இரண்டு பலகைகளும் நெருங்குகின்றன.

இதில் தவறுகள் மூன்று இடங்களில் நேர்கின்றன. ஒன்று, போல்ட்டின் ஆழம். போல்ட்டில் உள்ள வளையம் பலகையின் முகத்தைத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு புரி குறைவாக இறங்கியிருந்தாலும் தலை கேமின் வாயில் சரியாக அமராது, ஒரு புரி கூடுதலாக இறக்கினாலோ துளையின் பிடிப்பு பொடிந்துவிடும். இரண்டு, கேமின் திசை. அதன் முகத்தில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பூட்டும் முன் அது போல்ட் வரும் விளிம்பை நோக்கியிருக்க வேண்டும். மூன்று, அவசரம். பலகைகள் இரண்டும் முன்பே கையால் முழுதாக நெருங்கியிருக்க வேண்டும். இடையில் 2 மி.மீ. விட்டுவிட்டு, மீதியைக் கேம் இழுத்துக்கொள்ளும் என்று நம்பித் திருகினால் பலகைதான் உடையும். ஏறத்தாழ அரைச் சுற்றில் கேம் இறுக வேண்டும். அதற்கு மேலும் சுற்றிக்கொண்டே போனால் அது எதையும் பிடிக்கவில்லை என்று பொருள்; திருப்பி எடுத்துவிட்டுப் போல்ட்டைப் பாருங்கள்.

கேமை மின் திருப்புளியால் முடுக்க வேண்டாம், கையால் திருகுங்கள். திருகுகளுக்கு மின் திருப்புளியைப் பயன்படுத்துவதானால் அதன் கிளட்ச்சை (முறுக்கும் விசையை மட்டுப்படுத்தும் எண்ணிட்ட வளையம்) மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். இன்னொரு சிறு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த அலமாரிகளோடு வரும் திருகுகளில் பெரும்பாலானவை பார்ப்பதற்குச் சாதாரண பிலிப்ஸ் தலை போலவே இருந்தாலும் உண்மையில் போஸிட்ரிவ் வகை. பெரிய கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் சாய்வாக இருந்தால் அதுதான். அதற்கு இரண்டாம் எண் போஸிட்ரிவ் முனை வேண்டும். பிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் முனை நழுவி நழுவித் தலையின் பள்ளம் தேய்ந்துவிடும், பிறகு அந்தத் திருகை இறுக்கவும் முடியாது எடுக்கவும் முடியாது.

பிளந்த பலகையைக் கடையில் மாற்றிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பிளவுக்குள் மரப்பசையை ஊட்டி இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டுவிட்டு, அந்த மூலையை உட்புறத்தில் ஓர் இரும்பு எல்-பட்டையால் தாங்குங்கள். துளை மட்டும் பொடிந்திருந்தால் அதை 8 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, மரமுளை (பலகைகளை இணைக்கும் சிறு உருளை மரத்துண்டு) ஒன்றைப் பசையோடு அடித்து, காய்ந்தபின் அதிலேயே புதிதாகத் துளையிடலாம்.

கேள்வி: மரமுளைகளுக்குப் பசை போட வேண்டுமா?

பதில்: வீடு மாறும்போது அலமாரியைப் பிரித்து எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் வேண்டாம், இல்லாவிட்டால் போடுங்கள். பசையைத் துளைக்குள் விடுங்கள். மெலமைன் முகத்தில் தடவினால் அது ஒட்டாது.

கேள்வி: நான்கு அலமாரிகளையும் பூட்டி நிறுத்திவிட்டேன். கதவுகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கின்றன. கீலில் உள்ள எல்லாத் திருகுகளையும் திருகிப் பார்த்துவிட்டேன். கதவுகளே கோணலாக வந்துவிட்டனவா?

பதில்: கதவு கோணலாக வருவது அரிது. கீலில் உள்ள மூன்று திருகுகளும் கதவைப் பக்கவாட்டிலும், முன்பின்னாகவும், மேலும் கீழுமாகவும் நகர்த்துவதற்காக உள்ளவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஓரிரு மி.மீ. அளவுக்கே நகர்த்தும். அந்த எல்லைக்குள் சரியாகாவிட்டால் குற்றம் கதவில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 600 மி.மீ. அகலமும் 720 மி.மீ. உயரமும் உள்ள பெட்டி. அதன் முன்புறக் கால்களில் ஒன்று 3 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600-க்கு 3 என்ற அந்தச் சாய்வு, 720 உயரத்துக்குப் போகும்போது பெட்டியின் தலையை மூன்றரை மி.மீ.க்கும் மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும். இரு கதவுகளுக்கு நடுவே நாம் விடும் இடைவெளியே 3 அல்லது 4 மி.மீ.தான். அதாவது தரையில் ஒரு சிறு சல்லி அளவுக் குறை, கண்ணுக்கு நேரே ஒரு கதவு முழுக்கத் தெரியும் கோணலாக மாறிவிடுகிறது.

ஆகவே கதவுகளை எல்லாம் கழற்றி ஓரமாக வையுங்கள். அளவு நாடாவை எடுத்துப் பெட்டியின் முன்முகத்தில் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரை அளங்கள், பிறகு மற்ற மூலைவிட்டத்தை அளங்கள். 600-க்கு 720 பெட்டியில் இரண்டும் 937 மி.மீ. அளவில் வர வேண்டும்; எண் என்ன என்பதைவிட இரண்டும் ஒன்றாக வருவதே முக்கியம். மேலே சொன்ன சாய்வு பெட்டியைச் சாய்சதுரமாக்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவே நாலரை மி.மீ. அளவுக்கு வேறுபாடு தெரியும். ஒரு மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். நீளமாக உள்ள மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் ஒன்றை ஒன்று நோக்கி அழுத்தினால் பெட்டி நேராகும். ஆனால் பின்பலகையை ஏற்கெனவே ஆணியடித்துப் பிடித்துவிட்டிருந்தால் கோணலையும் சேர்த்து அது பிடித்துக்கொண்டிருக்கும்; அந்த ஆணிகளை எடுத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அதனால்தான் பின்பலகையை அடிக்கும் முன்பே மூலைவிட்டம் அளக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி நேரானதும் தரை. அலமாரிகள் நிற்கப்போகும் இடம் முழுவதும் நீண்ட ரசமட்டத்தை நகர்த்தி, தரையின் மிக உயர்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கி மற்றப் பெட்டிகளின் கால்களை உயர்த்திக்கொண்டு போங்கள். தாழ்ந்த இடத்தில் தொடங்கினால் உயர்ந்த இடத்துக்கு வரும்போது கால்களை இறக்க இடம் இருக்காது. ரசமட்டத்தைப் பெட்டியின் முன் விளிம்பில் மட்டும் வைக்காமல் முன்னிருந்து பின்னாகவும் வையுங்கள். அடுத்தடுத்த பெட்டிகளின் முன் விளிம்புகளைக் கவ்வியால் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, விரலால் தடவினால் படி தட்டாத நிலையில் இணைப்புத் திருகுகளைப் போடுங்கள். இவ்வளவும் முடிந்தபின் கதவுகளை மாட்டிப் பாருங்கள், கீலின் திருகுகளுக்குக் கால்வாசி வேலைகூட இருக்காது.

கேள்வி: மேல் அலமாரிகளைச் சுவரில் மாட்டப் பயமாக இருக்கிறது. கழன்று விழுந்துவிடாதா?

பதில்: பயம் நியாயமானதுதான், அந்தப் பயத்தைச் சுவரின் மீது திருப்புங்கள், ஏனெனில் விழும் அலமாரிகளில் பெரும்பாலானவை சுவரிலிருந்து பிளக்கோடு (திருகைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் உறை) பிடுங்கிக்கொண்டு விழுபவை. திடமான செங்கலிலும் கான்கிரீட்டிலும் 8 மி.மீ. துளையிட்டு 8 மி.மீ. பிளக் வைத்தால் நன்றாகப் பிடிக்கும். செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்தில் துளை விழுந்தால் சிறிது தள்ளிப் புதிதாகப் போடுங்கள். உட்புறம் வெற்றாக உள்ள கற்களிலும் காற்றடைத்த இலகு கற்களிலும் சாதாரண பிளக் நிற்காது; அவற்றுக்கென்று தனி பிளக்குகளும், வலைக்குழாயோடு வரும் வேதிப் பசை ஆங்கர்களும் உள்ளன. இலகு கல்லில் துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் துளை அகன்றுவிடும். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் பின்னால் உள்ள சட்டத்தைத் தேடி அதிலேயே திருக வேண்டும்.

பெட்டியைத் தனித்தனியாகத் திருகி மாட்டுவதைவிட, நீளமான எஃகுப் பட்டை ஒன்றை ரசமட்டம் பார்த்துச் சுவரில் பதித்து அதில் பெட்டிகளைத் தொங்கவிடும் முறை எனக்குப் பிடித்தது. எடை பல துளைகளில் பகிரப்படும். தொங்கவிட்ட பின்னும் கொக்கியில் உள்ள திருகுகளால் பெட்டியை மேலும் கீழுமாக நகர்த்தலாம். மின் இணைப்புப் புள்ளிகளுக்கு நேர் மேலும் நேர் கீழும் நேர் பக்கவாட்டிலும் கம்பி ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளில் துளையிடாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கும் அப்படியே. மாட்டும் வேளையில் கதவுகளையும் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உயரமாகத் தரையில் நிற்கும் அலமாரியையும் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். கனமான இழுப்பறை ஒன்றை முழுதாக இழுத்தால் அது முன்னே சாயும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: 900 மி.மீ. அகல அலமாரியின் நடுத்தட்டு ஓராண்டிலேயே தொங்கிவிட்டது. பலகை மட்டமானதா?

பதில்: அகலம்தான் காரணம். சீராக அடுக்கிய பாரத்தில் தட்டின் தொய்வு அதன் நீளத்தின் நான்மடிக்கு ஏற்பக் கூடுகிறது, 600 மி.மீ. தட்டைவிட 900 மி.மீ. தட்டு, ஒவ்வொரு அங்குலத்திலும் அதே அளவு பாரத்தோடு, ஐந்து மடங்கு தொய்கிறது. பார்ட்டிகிள் போர்டு போன்ற பலகைகள் நாள் செல்லச் செல்ல மேலும் தொய்யும் இயல்புடையவை. தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் சில மாதங்களுக்கு நேராகத் தெரியும். நிலையான தீர்வுக்கு நடுவில் ஒரு தாங்கு பலகையை நிறுத்துங்கள், அல்லது தட்டின் முன் விளிம்பின் அடியில் கனமான மரச் சட்டம் அல்லது அலுமினியக் கோணம் ஒன்றைத் திருகுங்கள். தட்டையே மாற்றுவதானால் 25 மி.மீ. பலகை 16 மி.மீ. பலகையைப் போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான விறைப்பு உள்ளது. இனி வாங்கும்போது 900-க்குப் பதில் இரண்டு 450 வாங்குங்கள்.

கேள்வி: தொட்டியின் கீழ் உள்ள அலமாரியின் அடிப்பலகை உப்பி வருகிறது. குழாயில் கசிவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: குழாய் கசியாமலும் தண்ணீர் வரும். தொட்டியைச் சுற்றி மேடையில் சிந்துவது விளிம்பு வழியே கீழே இறங்குவதுண்டு. குளிர்ந்த தண்ணீர்க் குழாயின் வெளிப்புறத்தில் ஈரக் காற்று வியர்த்துச் சொட்டுவதும் உண்டு. இந்தச் சொட்டுகள் அடிப்பலகையின் வழவழப்பான முகத்தில் விழுந்தால் துடைத்துவிடலாம். ஆனால் குழாய் நுழைவதற்காக நாமே ரம்பத்தால் வெட்டிய துளை இருக்கிறதே, அதன் விளிம்பு நிர்வாணமாக இருக்கும். என் முதல் சமையலறையில் அந்தத் துளையைச் சுற்றி நான் ஒன்றும் பூசவில்லை. எட்டு மாதத்தில் துளையின் ஓரம் பூரித்து, மெலமைன் தாள் பிரிந்து, விரலால் கிள்ளினால் துகள் கையோடு வந்தது.

அந்தப் பலகையை மாற்றுங்கள், சீர்செய்ய முயன்று பயனில்லை. புதிய பலகையில் நீங்கள் வெட்டும் ஒவ்வொரு விளிம்பையும், தூசி துடைத்துவிட்டு, பூஞ்சை எதிர்க்கும் சிலிக்கானையோ நீர்புகா வார்னிஷையோ துகள்களுக்குள் இறங்கும்படி விரலால் தேய்த்துப் பூசுங்கள். மேடையில் தொட்டிக்காக வெட்டிய விளிம்புக்கும் அதேதான். தொட்டியை இறக்கிவிட்ட பிறகு அங்கே கை போகாது என்பதால் அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பெட்டியின் அடியில் ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தட்டு ஒன்றை விரித்துவிட்டால், கசிவு பலகைக்குப் போகும் முன்னே உங்கள் கண்ணில் படும்.

கேள்வி: எல்லாம் பூட்டி முடித்தபின் ஏழு திருகுகளும் இரண்டு மரமுளைகளும் மிஞ்சிவிட்டன. கவலைப்பட வேண்டுமா?

பதில்: திருகுகளுக்குக் கவலை வேண்டாம், சில நிறுவனங்கள் சிறு திருகுகளில் ஒன்றிரண்டு கூடுதலாகவே போடுகின்றன, ஏழும் ஒரே வகையா என்று மட்டும் பாருங்கள். மரமுளை மிஞ்சியது எனக்கு உறுத்துகிறது. விளக்கத் தாளின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கணக்குப்படி மிஞ்சக் கூடாதவை என்றால், மேல் குறுக்குப் பலகைகளின் முனைகளை முதலில் பாருங்கள். கேம் பூட்டு மட்டும் மாட்டி முளையை மறந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கேம்கள் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தினால் பலகை வெளியே வந்துவிடும், முளையை வைத்துத் திரும்பப் பூட்டப் பத்து நிமிடம் ஆகும். மேடைப் பலகையை இன்னும் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைக்கும் முன்பே செய்துவிடுங்கள்.